தலையெழுத்தும் உறையெழுத்தும்

“மூன்று முறை கூப்பிட்டார்களாம், தம்பி! என் பேரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டார்களாம்! நான் போகவில்லையாம்! போகாதவளுக்கு வீடு ஏது என்று எழுதிவிட்டார்களாம்!”

அத்தை இதைச் சொன்னபோது அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் கூறியிருப்பேன். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. நீதிமன்ற முத்திரை பதித்த தாள். அதைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தன.

2024ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள், ஒரு மாலை நேரம். பள்ளியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தேன். திருத்த வேண்டிய மாணவர் ஏடுகள் தோள்பையிலேயே கிடந்தன. தாளை வாங்கிப் படித்தேன். நிறைவேற்று மனு! அத்தை குடியிருக்கும் வீட்டை வாதியிடம் ஒப்படைக்க வேண்டுமென்று 2022 மார்ச்சிலேயே தீர்ப்பாகிவிட்டதாம். இரண்டாண்டு கடந்தும் ஒப்படைக்கவில்லையாம். அமீனாவை அனுப்பி ஏன் வீட்டைக் கைப்பற்றித் தரக்கூடாது என்று காரணம் கேட்டு வந்திருந்தது அந்த அறிவிப்பு. மூன்று முறை கூப்பிட்ட கதையை அத்தைக்குச் சொன்னவர், தாளைக் கொண்டுவந்து கொடுத்த நீதிமன்றச் சேவகர்.

தீர்ப்பா? எப்போது வழக்கு நடந்தது? எவர் வாதாடினார்? அத்தையின் பக்கத்து நியாயத்தை எவர் எடுத்துரைத்தார்? எவர் காது கொடுத்துக் கேட்டார்? எதற்கும் விடை இல்லை. விடை இல்லாத வினாக்களுக்கெல்லாம் நம் மக்களிடம் ஒரே ஒரு விடை தயாராக இருக்கிறதே, அதையே அத்தையும் சொன்னார்:

“என் தலையெழுத்து, தம்பி! அதை அழித்தா எழுத முடியும்?”

அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. அந்தத் தலையெழுத்தை எழுதிய கை எது என்று தேடிப் புறப்பட்டேன். தேடியதில் கண்டதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

அத்தை யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுடன் பிறந்தவர். முப்பது வயதுக்குள் கணவரை இழந்தவர். காவிரிக்கரையோரச் சிற்றூர் ஒன்றில், மூன்று சென்ட் மனையில் ஓட்டு வீடு, திண்ணையில் இட்லிக்கடை. அந்தக் கடையின் புகையில்தான் என் கல்லூரிப் படிப்பு வளர்ந்தது. இளங்கலைப் பட்டத்துக்குக் கடைசிப் பருவக் கட்டணம் கட்டப் பணமில்லாதபோது, காதில் கிடந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். இன்று நான் ‘சார்’ என்று அழைக்கப்படுகிறேன் என்றால், அந்த அழைப்பில் பாதி அத்தைக்குச் சேர வேண்டும்.

அந்த மூன்று சென்ட் மனைமீதுதான் 2016இல் வழக்கு வந்தது. தொடுத்தவர் அத்தையின் கணவருக்கு மூத்தவர். “மனை முழுதும் தந்தையார் எனக்கு எழுதிவைத்தது; தம்பி மனைவி இரக்கத்தின்பேரில் குடியிருந்தவள்; வெளியேற்றித் தர வேண்டும்” என்பது அவர் கூற்று. “அண்ணன் தம்பி இருவரும் பாகம் பிரித்துக்கொண்டு முப்பது ஆண்டாயிற்று, வரி கட்டிய இரசீது இருக்கிறது, சாட்சி சொல்ல ஊரே இருக்கிறது” என்பது அத்தையின் பதில். யார் சொல்வது மெய், யார் சொல்வது பொய் என்று தீர்ப்பதற்கு நான் நீதிபதி அல்லன். இரு தரப்பையும் கேட்டுத் தீர்ப்பதற்குத்தானே நீதிமன்றம்?

அத்தை நகரத்துக்குச் சென்று ஒரு வழக்கறிஞரைக் கண்டார். வக்காலத்துத் தாளில் பெருவிரல் பதித்தார். வழக்கறிஞர் நல்லவர்; ஏழை என்று கண்டு கட்டணத்தைக் குறைத்துக்கொண்டவர். எதிருரையும் தாக்கல் செய்தார். “இனி நான் பார்த்துக்கொள்கிறேன், அம்மா. தேவைப்படும்போது சொல்லி அனுப்புகிறேன்” என்றார். அத்தை நிம்மதியாகத் திரும்பினார். பாரத்தைத் தகுந்த தோளில் இறக்கிவைத்த நிம்மதி!

அந்த நிம்மதி எங்கே, எப்படி முறிந்தது? வேறொரு இளம் வழக்கறிஞரை அமர்த்தி, நீதிமன்றத்தில் முறைப்படி மனுச் செய்து, வழக்குக் கட்டைப் பார்வையிட்டோம். பழுப்பேறிய தாள்களுக்கு நடுவே ஓர் உறை இருந்தது. 2021இன் இறுதியில் நீதிமன்றம் அனுப்பிய உறை. எங்கள் வட்டத்துக்கென்று புதிதாக ஒரு நீதிமன்றம் திறக்கப்பட்டபோது, பழைய நீதிமன்றத்திலிருந்த வழக்குகள் பல அங்கே மாற்றப்பட்டன. அத்தையின் வழக்கும் மாறியது. புது எண் பெற்றது. புது நாள் குறிக்கப்பட்டது. அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு, வக்காலத்தில் கண்ட முகவரிக்கு, வழக்கறிஞரைத் தேடிச் சென்றது அந்த உறை. சென்ற வேகத்தில் திரும்பியும் வந்தது. உறையின்மேல் அஞ்சற்காரர் மூன்றே சொற்கள் எழுதியிருந்தார்: “இடம் மாறிச் சென்றார்.”

அவ்வளவுதான்! அதற்குப் பின் நடந்ததெல்லாம் சட்டப்படி நடந்தது. குறித்த நாளில் டவாலி கூப்பிட்டார். பிரதிவாதி இல்லை, பிரதிவாதியின் வழக்கறிஞர் இல்லை. மறுநாள் குறித்தார்கள், அன்றும் இல்லை. வாதி தம் பக்கத்தைச் சொன்னார். மறுத்துக் கேட்க ஆளில்லை. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு! முப்பது ஆண்டுகளாக அடுப்பெரிந்த வீடு, முப்பது மணித்துளி வாதமும் இல்லாமல் போயிற்று.

உறையைப் பார்த்துவிட்டு வந்து அத்தையிடம் சொன்னேன்: “இது தலையெழுத்து அல்ல, அத்தை, உறையெழுத்து! எழுதியவர் அஞ்சற்காரர். எழுதவைத்தவர் முகவரி மாற்றத்தைச் சொல்லாதவர்.”

நண்பர்களே, “வழக்கறிஞருக்குத் தாள் வராவிட்டால் என்ன? நீதிமன்றம் அந்த அம்மையாருக்கே நேரில் எழுதியிருக்கலாமே!” என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் கேட்டேன். அப்போதுதான் புதிய வழக்கறிஞர் சட்டப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், மூன்றாம் கட்டளை, ஐந்தாம் விதி. வக்காலத்துப் பெற்ற வழக்கறிஞரிடம் ஒரு தாள் சேர்க்கப்பட்டாலும், அவருடைய அலுவலகத்திலோ இல்லத்திலோ விட்டுவரப்பட்டாலும், அது கட்சிக்காரருக்கே தெரிவிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும் என்பது அதன் சாரம். நான்காம் விதியோ, ஒருமுறை கொடுத்த வக்காலத்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு முடித்துக்கொள்ளப்படும் வரையில், அல்லது இருவரில் ஒருவர் இறக்கும் வரையில், அல்லது வழக்கு முற்றிலும் முடியும் வரையில் உயிரோடு இருக்கும் என்கிறது.

இதன் பொருளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அத்தை பெருவிரலைப் பதித்த அந்தக் கணத்தில், தம் வாயை மட்டுமா வழக்கறிஞரிடம் ஒப்படைத்தார்? தம் காதையும் ஒப்படைத்தார். தம் வீட்டு வாசலையும் ஒப்படைத்தார்! அன்றிலிருந்து நீதிமன்றம் அத்தையிடம் பேச விரும்பினால் வழக்கறிஞரின் காதில்தான் பேசும். அத்தையின் கதவைத் தட்ட விரும்பினால் வழக்கறிஞரின் கதவைத்தான் தட்டும். அந்தக் கதவு பூட்டிக் கிடந்தால்? அந்தக் காது அடைபட்டிருந்தால்? இட்லிக்கடைக்காரி எவ்வளவு விழிப்போடிருந்தும் என்ன பயன்?

வாதத்திறமை வழக்கறிஞருக்குச் சிறப்பு, மறுப்பாரில்லை. குறுக்கு விசாரணையில் கூர்மை, சட்டநூல்களில் தேர்ச்சி, சொல்வன்மை எல்லாம் வேண்டும். ஆயினும் இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்று வேண்டும். கூப்பிடும்போது கேட்க வேண்டும்! கேளாதவரின் நாவன்மை, தண்ணீர் வராத ஊரில் கட்டிய தங்கத் தொட்டி.

பழைய வழக்கறிஞரைத் தேடிப் போனேன். சினத்தோடுதான் போனேன். பெருநகரத்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறு அறையில் இருந்தார். நரைத்துப் போயிருந்தார். விவரத்தைச் சொன்னதும் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

“எனக்குத் தாள் வரவேயில்லை, சார். வந்திருந்தால் போகாமல் இருந்திருப்பேனா?”

பொய்யன்று, மெய்தான் சொன்னார். 2020இல் பெருந்தொற்று வந்து நீதிமன்றங்கள் அடைபட்டபோது அவர் வருவாய் நின்றது. வாடகை கட்ட முடியாமல் அலுவலகத்தைக் காலி செய்தார். இருபதாண்டு உடனிருந்த குமாஸ்தா வேறு பிழைப்புத் தேடிப் போனார். பெருநகரம் வந்த பிறகு, பெரிய வழக்குகளில் எல்லாம் புது முகவரியை எழுதிக் கொடுத்தார். சிறிய வழக்குகள் சிலவற்றில் விட்டுப்போயிற்று. நீதிமன்றக் கணினியிலிருந்து குறுஞ்செய்தி செல்லும் ஏற்பாடும் இருந்தது. ஆனால் அதற்கென்று பதிவு செய்திருந்த கைப்பேசி எண் யாருடையது தெரியுமா? போய்விட்ட குமாஸ்தாவினுடையது!

“பெரிய வழக்கு, சிறிய வழக்கு” என்று அவர் சொன்ன சொல்லைத் திரும்பும் வழியெல்லாம் எண்ணிக்கொண்டு வந்தேன். மூன்று சென்ட் சிறிய வழக்குத்தான், நூறு ஏக்கரோடு ஒப்பிட்டால். ஆனால் நூறு ஏக்கரில் மூன்று சென்ட் போனால் மிச்சம் இருக்கும். மூன்று சென்ட்டில் மூன்று சென்ட் போனால் மிச்சம் தெருதானே?

“தாள் வரவில்லை” என்பது கட்சிக்காரர் சொல்லக்கூடிய சமாதானம். வழக்கறிஞர் சொல்லக்கூடிய சமாதானம் அன்று. தாள் வந்து சேரும்படி வழி செய்துவைப்பது அவர் ஏற்றுக்கொண்ட பணியிலேயே அடங்கியது. கிணறு தோண்டுபவர் “தண்ணீர் ஊறவில்லை” எனலாம். குடத்தை எடுத்துச் செல்பவர், குடத்தில் ஓட்டை இருந்ததை நான் பார்க்கவில்லை எனலாமா?

சரி, பிறரைக் குறை கூறும் என் கை சுத்தமா? இங்கே ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். 2022இலும் 2023இலும் அத்தை நகரத்துக்கு இருமுறை சென்று வந்தார். பழைய அலுவலகம் பூட்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர், “அவர் இங்கே இல்லையே” என்றாராம். திரும்பி வந்து என்னிடம், “தம்பி, நீ படித்தவன், கொஞ்சம் என்னவென்று பாரேன்” என்றார். நான் என்ன சொன்னேன்? “வழக்கென்றால் ஆண்டுக்கணக்கில் ஓடும், அத்தை. வேண்டுமென்றால் அவரே கூப்பிடுவார்” என்றேன். தேர்வுத்தாள் திருத்தும் அவசரம் எனக்கு! தோட்டைக் கழற்றிக் கொடுத்தவருக்கு ஒரு பகல் பொழுதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. பட்டம் பெற்றேன், பயன்படுத்தினேனா?

நாள்தோறும் காலையில் வகுப்பில் நாற்பத்திரண்டு பெயர்களை நான் அழைக்கிறேன். “உள்ளேன், அய்யா” என்று ஒவ்வொரு குரலாக எழும். ஒரு பெயருக்குக் குரல் எழாவிட்டால், பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று குறிக்கிறேன். குறித்ததோடு என் கடமை முடிந்துவிடுகிறதா? மூன்று நாள் ஒரு பிள்ளை வராவிட்டால், பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கேட்கிறேன். பெற்றோருக்குச் சொல்லி அனுப்புகிறேன். சில வேளை நானே வீடு தேடிப் போகிறேன். நீதிமன்றத்தில் ஆயிரமாயிரம் வழக்குகள். ஒவ்வொரு வீட்டுக்கும் நீதிபதி நடந்துபோக முடியாது. அதனால்தான் ஒவ்வொரு ஏழைக்கும் ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். அந்த ஏழைக்காக “உள்ளேன்” என்று குரல் கொடுக்க வேண்டியவர் அவர். அவரே வராமற்போனால், வராதவர் இருவர், தண்டனை ஒருவருக்கு!

இது நம் ஊர்க் குறைதானோ என்று எண்ணி, பிற நாட்டுச் செய்திகளையும் தேடிப் படித்தேன். செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. அங்கே பணயமாக நின்றது வீடன்று, உயிர்! அலபாமா மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காக 1997இல் மரண தண்டனை பெற்ற மேப்பிள்ஸ் என்பவருக்காக, நியூயார்க்கின் பெருஞ்சட்ட நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த இளம் வழக்கறிஞர் இருவர் கட்டணமின்றி வாதாட வந்தனர். 2002இல் இருவரும் நிறுவனத்தை விட்டு விலகினர். கைதிக்குச் சொல்லவில்லை, நீதிமன்றத்துக்கும் சொல்லவில்லை. 2003 மே மாதம் மனு தள்ளுபடியாயிற்று. ஆணையைத் தாங்கிய உறைகள் நியூயார்க் சென்றன. பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. உள்ளூரில் பெயருக்கு இருந்த வழக்கறிஞருக்கும் ஒரு படி சென்றது, அவர் பேசாதிருந்தார். நீதிமன்ற அலுவலரோ திரும்பிய உறைகளைக் கட்டில் வைத்ததோடு சரி. மேல்முறையீட்டுக்குரிய 42 நாள்கள் கடந்தன. சிறைக்குள் இருந்தவருக்கோ, தமக்காகப் பேச வெளியே எவரும் இல்லை என்பதே தெரியாது! கூட்டரசு நீதிமன்றங்கள் இரண்டு, “காலம் கடந்தது” என்று கதவடைத்தன. இறுதியில் 2012 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், எழுவர் ஒருபுறம் இருவர் மறுபுறமாக நின்ற தீர்ப்பில், கட்சிக்காரரைக் கைவிட்டுப் போனவரின் தவறைக் கட்சிக்காரர் தலையில் சுமத்தலாகாது என்று கூறி வழிதிறந்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் கின்ஸ்பர்க் அம்மையார்.

“அது அஞ்சல் காலத்துக் கதை, இன்று மின்னஞ்சல் வந்துவிட்டதே” என்பீரா? அதற்கும் ஒரு கதை உண்டு. புளோரிடா மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2017இல் தீர்த்த வழக்கு. நீதிமன்றம் மின்னஞ்சலில் ஆணையை அனுப்பியது. வழக்கறிஞர் அலுவலகத்துக் கணினியோ, அதைக் குப்பை அஞ்சல் என்று கருதி, யாருக்கும் சொல்லாமல் அழித்துவிட்டது. மேல்முறையீட்டுக் காலம் போயிற்று. நீதிமன்றம் இரங்கவில்லை. ஏன்? இப்படி நேரக்கூடும் என்று கணினி வல்லுநர் முன்னரே எச்சரித்திருந்தார். செலவாகும் என்று அலுவலகத்தார் மறுத்திருந்தனர். அதே வழக்கில் எதிர்த்தரப்பு அலுவலகம் என்ன செய்தது? அஞ்சலை மட்டும் நம்பாமல், மூன்று வாரத்துக்கு ஒருமுறை நீதிமன்ற இணையதளத்தையே திறந்து பார்க்க ஓர் ஆளை அமர்த்தியிருந்தது. ஒரே வழக்கு, ஒரே நீதிமன்றம், ஒரே ஆணை. ஓர் அலுவலகம் காத்திருந்தது; மற்றொன்று போய்ப் பார்த்தது. வேறுபாடு அவ்வளவே!

நம் நாட்டு உச்ச நீதிமன்றமும் இதுபற்றிப் பேசியிருக்கிறது. 1981இல் ரபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் நீதிபதி டி. ஏ. தேசாய், வழக்கறிஞரை அமர்த்திவிட்டு நம்பிக்கையோடு ஊர் திரும்பும் நாட்டுப்புறத்து மனிதர், வழக்கறிஞருக்கே காவலாளாக அலைய வேண்டியதில்லை. வழக்கறிஞரின் பிழைக்கு அவரை வாட்டுவது முறையன்று என்ற கருத்தை நிலைநாட்டினார். படித்தபோது நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் 1993இல் சலீல் தத்தா வழக்கில் அதே நீதிமன்றம், இது எல்லார்க்கும் எப்போதும் பொருந்தும் விதியன்று. கட்சிக்காரர் யார், அவர் நிலை என்ன என்பதைப் பார்க்க வேண்டும் என்றும் கூறியது. ஆகவே இரக்கம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ஒருவர் தம் கதவைத் திறந்துவைக்காததற்காக, மற்றொருவர் இரக்கத்தை எதிர்பார்த்து நிற்பதா?

2024 மே 14ஆம் நாள் மற்றொரு தீர்ப்பு வந்தது. வழக்கறிஞரின் பணி, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் ‘சேவை’ அன்று என்றது உச்ச நீதிமன்றம். சட்டத்தொழில் ஏனைய தொழில்களைப் போன்றதன்று. தனித்தன்மை வாய்ந்தது என்பது காரணங்களுள் ஒன்று. உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கும் வழியும், 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டப்படி வழக்கறிஞர் மன்றத்தில் முறையிடும் வழியும் அடைபடவில்லை. தீர்ப்பை நான் குறை கூறவில்லை. ஒன்றை மட்டும் பணிவோடு கூறுவேன்: தொழில் தனித்தன்மை வாய்ந்தது என்றால், பொறுப்பும் தனித்தன்மை வாய்ந்ததாக இருக்க வேண்டும். மாலை மட்டும் தோளுக்கு, சுமை மட்டும் பிறர் தலைக்கு என்றால் எப்படி?

பெரிய புரட்சி எதையும் நான் வேண்டவில்லை. வழக்கறிஞர் இடம் மாறினால், கையிலுள்ள வழக்கு ஒவ்வொன்றிலும், பெரியது சிறியது என்று பாராமல், புதிய முகவரியை நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கட்டும். குமாஸ்தா மாறினால் அன்றே கைப்பேசி எண்ணை மாற்றிப் பதியட்டும். 2002ஆம் ஆண்டின் திருத்தம் முதல் அழைப்பாணை மின்னஞ்சலிலும் வரலாம் என்றாகிவிட்டது. எனவே அந்தப் பெட்டியை ஒருவர் நாள்தோறும் திறந்து, குப்பைப் பகுதியையும் சேர்த்துப் பார்க்கட்டும். தாள் வரும் என்று காத்திராமல், வழக்குப் பட்டியலைத் தாமே போய்ப் பார்க்கட்டும். நோய் வந்தாலும் வெளியூர் சென்றாலும் தம் இடத்தில் நின்று கேட்க ஒருவரை வைத்துவிட்டுச் செல்லட்டும். வழக்கை விட விரும்பினால் கட்சிக்காரரிடம் சொல்லி, நீதிமன்றத்தின் அனுமதி பெற்று விடட்டும். இவற்றில் எதற்கு மேதைமை வேண்டும்? எதற்குப் பெரும் பொருள் வேண்டும்? கவனம் ஒன்று போதும். ஏழையின் வழக்கும் வழக்குத்தான் என்ற எண்ணம் ஒன்று போதும்.

நமக்கும் பங்குண்டு, தோழர்களே! ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு குறிகள் கொண்ட அடையாள எண் ஒன்றைக் கணினி தருகிறது. அதை இணையதளத்திலோ கைப்பேசிச் செயலியிலோ இட்டால், அடுத்த நாள் எது, எந்த நீதிமன்றம் என்பது தெரிந்துவிடும். இது அத்தைக்குத் தெரியாது. தெரியாதது அவர் குற்றமன்று. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதது என் குற்றம். ஊருக்கு ஒரு படித்த பிள்ளை, மாதம் ஒருமுறை, பக்கத்து வீட்டு முதியவரின் வழக்கு எண்ணைத் தட்டிப் பார்த்துச் சொன்னால், எத்தனை உறைகள் திரும்பினாலும் செய்தி திரும்பாது. அதனால் வழக்கறிஞரின் கடமை குறைந்துவிடும் என்று எவரும் கருத வேண்டாம். நாம் விளக்கேற்றி வைப்பதால், காவலர் உறங்கலாம் என்பதில்லை.

இனி, கதையின் முடிவு. ஒருதலைப்பட்சத் தீர்ப்பை நீக்கக் கோர முப்பது நாள்தான் தவணை. எங்களுக்கோ எண்ணூறு நாள்களுக்கு மேல் கடந்திருந்தது. தாமதத்தைப் பொறுத்தருளக் கோரி மனுச் செய்தோம். காரணத்தை மெய்ப்பிக்க வேண்டுமே, எப்படி? நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. பழைய வழக்கறிஞர் தாமாகவே முன்வந்து உறுதிமொழிப் பத்திரம் தாக்கல் செய்தார். “முகவரி மாற்றத்தைத் தெரிவிக்காதது என் தவறு. கட்சிக்காரர்மீது குற்றமில்லை” என்று தம் கையெழுத்தில், தம் பெயரில், சக வழக்கறிஞர்கள் அனைவரும் படிக்கக்கூடிய பதிவேட்டில் எழுதிக் கொடுத்தார். 2025இல் நீதிமன்றம், எதிர்த்தரப்புக்குச் செலவுத்தொகை கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு தீர்ப்பை நீக்கியது. அந்தத் தொகையையும் அவரே கட்டினார். சினத்தோடு அவர் அறைக்குப் போன நான், அன்று அவரைக் கைகூப்பி வணங்கினேன். தவறு செய்யாதவர் பெரியவர்தான்; செய்த தவறைத் தம் தலையில் தாமே ஏற்றுக்கொள்பவரும் சிறியவர் அல்லர்.

வழக்கு மீண்டும் நடக்கிறது. வெல்வோமா, தோற்போமா, தெரியாது. தோற்றாலும், சொல்ல வேண்டியதைச் சொல்லித் தோற்போம்.

முதல் விசாரணை நாளன்று விடுப்பெடுத்துக்கொண்டு அத்தையுடன் போனேன். வழக்கறிஞரே பார்த்துக்கொள்வார், வர வேண்டியதில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். அத்தை கேட்கவில்லை. வெளுத்த சேலை உடுத்தி, விடியற்காலையிலேயே கடையை அடைத்துவிட்டு வந்திருந்தார். வாயிலில் நின்று டவாலி அத்தையின் பெயரைக் கூப்பிட்டார். இளம் வழக்கறிஞர் எழுவதற்குள், கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து அந்தக் குரல் எழுந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் எழுப்பும் குரலைவிடத் தெளிவாக:

“இருக்கிறேன், அய்யா!”

ஒருமுறை கூப்பிட்டதே போதுமானதாக இருந்தது.